பிள்ளைப்பேற்று விடுதிக்கு வந்த வாக்குப் பெட்டி

குணலட்சுமி அந்தக் கடிதத்தை ஒரு தரம்தான் வாசித்தாள். அதுவே போதுமாக இருந்தது. 1988ஆம் ஆண்டு மார்கழி பத்தொன்பதாந் திகதி, திங்கட்கிழமை, சனாதிபதித் தேர்தல். வேம்படிக்கேணிப் பள்ளிக்கூடத்தின் கூரை போன வருடச் சண்டையில் போய்விட்டது. ஆகையால் அந்த ஊருக்கான வாக்கெடுப்பு நிலையம் அவளுடைய பிள்ளைப்பேற்று விடுதியில் அமையும். பதினெட்டாந் திகதி பின்னேரம் கதவுப் பூட்டின் திறப்பை ஒப்படைக்க வேண்டும்.

கடிதத்தைக் கொண்டுவந்த கிராமசேவகர் கேற்றுக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி நின்றார்.

“திறப்பைத் தாறன். நோக்காடு வந்த பெண்டுகளை ஆரிட்டை ஒப்படைக்கிறது எண்டு இதிலை போடேல்லையே?” என்று அவள் கேட்டாள்.

ஒரு நாள்தானே மிஸி என்று அவர் சமாளித்தார். ஒரு நாளைக்குப் பிள்ளை பெறாமல் இருக்கும்படி நீங்களே போய் ஊருக்குப் பறையடித்துச் சொல்லுங்கள் என்று அவள் சொல்லிவிட்டு, கடிதத்தில் கையெழுத்து வைத்துக் கொடுத்தாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பிறந்தது வல்வெட்டித்துறையில். தகப்பன் பாய்க்கப்பல் ஓட்டிய தண்டையல். ஐம்பத்தைந்தாம் ஆண்டில் அவள் மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போகிறேன் என்றபோது அவர் நான்கு வருடம் அவளோடு கதைக்கவில்லை. கண்டவர்களுடைய தீட்டுத் துடக்கையெல்லாம் அளைகிற வேலை என்று தாய் அழுதாள். ஒவ்வொரு முறை வீட்டுக்குப் போகும்போதும் கிணற்றடியில் தலை முழுகிய பின்தான் குசினிக்குள் விடுவார்கள். கலியாணம் பேசி வந்த இரண்டு பகுதியும் வேலையை விடச் சொன்னார்கள். அவள் இரண்டு பகுதியையும் விட்டாள்.

வேம்படிக்கேணிக்கு மாற்றலாகி வந்தது அறுபத்தொன்றில். கொடிகாமத்திலிருந்து மூன்று கட்டை தூரம். தென்னையும் பலாவும் வெற்றிலைக் கொடியுமாக உள்ள ஊர். விடுதி என்று சொன்னாலும் இருந்தது ஒரு முன் மண்டபமும், ஒரு பிள்ளைப்பேற்று அறையும், முற்றத்தில் குழந்தைகளுக்கு நிறை பார்க்கிற ஒரு கிடுகுக் கொட்டிலும்தான். முதல் இரண்டு வருடமும் ஒருத்தியும் உள்ளே வரவில்லை. பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அப்படியென்றால் வருடம் முழுவதும் பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு எத்தனை நாள் துடக்கு என்று ஊர் கணக்குப் பார்த்தது. அவளைக் கூப்பிட வந்தவர்கள்கூடக் கேற்றடியில் நின்று இருமினார்கள். அவள் ஒரு சட்டம் போட்டாள்: குழந்தைக்கு நிறை பார்க்கக் கொண்டுவருகிறவர்கள் எல்லாரும் அவளுடைய பானையில் ஒரு செம்பு தண்ணீர் குடிக்க வேண்டும். குடித்தார்கள். வீட்டுக்குப் போய்த் தலை முழுகினார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். முழுகினால் உடம்புக்கு நல்லதுதான் என்று விட்டுவிட்டாள். பத்து வருடத்தில் முழுக்கு நின்றது. பெண்டுகள் ஊர் காணாமல், பின்வேலியில் ஓர் ஆள் நுழையக்கூடிய பொட்டுக்குள்ளால் குனிந்து வந்து, பெற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் அதே பொட்டால் போனார்கள்.

(தொண்ணூற்றைந்தில் வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே நாளில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து வந்தபோது, ஓய்வு பெற்றிருந்த இதே குணலட்சுமிதான் ஒரு கோயில் மடத்தில் சேலையைக் கட்டி மறைத்து இருபத்தாறு பிள்ளைகளை எடுத்தாள். அதைப் பற்றிக் கேட்டால், “மழை பெய்தது, இடம் ஈரம்” என்பதற்கு மேல் சொல்லமாட்டாள்.)

தேர்தலால் வந்த சிக்கல் இராசமலருடைய சிக்கல். இருபத்து நான்கு வயது. வெற்றிலைத் தோட்டக்காரன் தியாகலிங்கத்தின் மனைவி. முதல் பிள்ளை போன வருடம் ஐப்பசியில், இந்திய இராணுவத்துக்கும் இயக்கப் பெடியளுக்கும் சண்டை தொடங்கிய கிழமையில் பிறந்தது. றோட்டில் தலைகாட்ட முடியாத நாள். ஒழுங்கைகளுக்குள்ளால் சைக்கிளை உருட்டிக்கொண்டு குணலட்சுமி போய்ச் சேர்ந்தபோது, இராசமலர் பாயில் கிடந்தாள். பிள்ளை குண்டிப்பக்கமாக அரைவாசி வெளியே வந்திருந்தது. அப்படி வருகிற பிள்ளைக்குத் தாய் கட்டிலின் விளிம்பில் இருக்க வேண்டும். பிள்ளையின் உடம்பு தன் பாரத்தில் கீழே தொங்கினால்தான் தலை குனிந்து இறங்கும். தரையில் தொங்குவதற்கு இடமில்லை. தலை இறுகி, ஆண்பிள்ளை செத்துப் பிறந்தது.

இந்த முறையும் பிள்ளை தலைகீழாகத் திரும்பாமல் குந்தியிருந்தபடிதான் இருந்தது. கார்த்திகையிலேயே குணலட்சுமி வயிற்றைத் தடவிப் பார்த்துச் சாவகச்சேரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தாள். டொக்டர் இருபத்தோராந் திகதி வந்து படுக்கச் சொன்னார். தேர்தல் பத்தொன்பது. அன்றைக்கு வாகனம் எதுவும் ஓடாது. இரண்டு நாள் இடைவெளி இருக்கிறதே என்று குணலட்சுமி நினைத்தாள்.

சனிக்கிழமை காலையில் விடுதியின் முன்சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தேர்தலைப் பகிஷ்கரிக்க வேண்டும். வாக்கெடுப்பு நிலையத்துக்குள் காலடி வைப்பவர் எவரும் வாக்களித்தவராகவே கருதப்படுவர். அதற்குரிய தண்டனை பெறுவர். கீழே பெயர் இல்லை. பெயர் தேவையும் இல்லை. பசை காயுமுன்னே ஊர் முழுவதும் வாசித்துவிட்டுப் போயிருந்தது. அவள் ஒரு கத்தியால் அதைச் சுரண்டி எடுத்தாள். வெள்ளையடித்து இரண்டு மாதமாகாத சுவர்.

ஞாயிறு பின்னேரம் ஓர் இந்திய இராணுவ ட்ரக்கில் பெட்டி வந்தது. பெட்டியோடு இரண்டு இலிகிதர்களும், அவர்களுக்குத் தலைமை தாங்கும் அலுவலராக நல்லூரிலிருந்து நமசிவாயம் என்ற பள்ளிக்கூட அதிபரும், பத்துச் சிப்பாய்களும் வந்தார்கள். சிப்பாய்கள் வந்த கையோடு பின்வேலிப் பொட்டை முட்கம்பியால் அடைத்தார்கள். இனி முன் கேற் ஒன்றுதான் வழி.

நமசிவாயம் மெலிந்த, நேரான மனிதர். நெற்றி நிறைய விபூதி. திருவெம்பாவைக் காலம், ஒரு நேரச் சாப்பாட்டு விரதம். தண்ணீரைக்கூட நல்லூரிலிருந்து ஒரு பிளாஸ்ரிக் கானில் கொண்டுவந்திருந்தார். மண்டபத்தில் படுக்காமல் விறாந்தையின் ஓரத்தில் பாயைப் போட்டார். ஏன் என்று குணலட்சுமி கேட்கவில்லை. முப்பது வருடம் பார்த்த காரியம்.

அவர் மண்டபத்தோடு பிள்ளைப்பேற்று அறையையும் கேட்டார். வாக்காளர் மறைவாக நின்று அடையாளம் போட ஓர் இடம் வேண்டும். அவள் மறுத்தாள். அவர் கடிதத்தை எடுத்துக் காட்டினார். கட்டடம் முழுவதும் என்றுதான் எழுதியிருந்தது. இராசமலருக்கு நாளிருக்கிறது என்ற நினைப்பில் அவள் திறப்பைக் கொடுத்தாள். வேறு மேசை கிடைக்காதபடியால் பிள்ளைப்பேற்றுக் கட்டிலின் மேலேயே காட்போட் மறைப்பை நிறுத்திப் பென்சிலையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். அது தான் விட்ட பிழை என்று அவள் பின்னாளில் ஒளிக்காமல் சொல்வாள். நாள் குறித்தபடி எந்தப் பிள்ளை பிறந்தது?

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாக்களிப்புத் தொடங்கியது. எண்ணூற்றுச் சொச்சம் பெயர் உள்ள இடாப்பு. எட்டரை மணிவரை வந்தவர்கள் நான்கு பேர்: கிராமசேவகரும் மனைவியும், இரண்டு பென்சன்காரர்களும். மற்ற வீடுகள் படலையைச் சாத்திக்கொண்டு இருந்தன.

எட்டேமுக்காலுக்குப் பக்கத்து வளவுக் கிணற்றடியில் யாரோ இருமினார்கள். தியாகலிங்கம். விடியற்காலையில் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது, நோக்காடு பிடிக்கிறது, அம்மா இங்கே அனுப்பமாட்டாவாம் என்று வேலிக்கு மேலால் சொன்னான். சொல்லும்போதே றோட்டைப் பார்த்துக்கொண்டான். குணலட்சுமி பையை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறினாள்.

இராசமலரின் மாமி நல்லம்மா வாசலிலேயே நின்றாள்.

“இஞ்சை பாருங்கோ மிஸி, உங்களிலை எனக்கொரு கோவமுமில்லை. ஆனா அந்தக் கட்டடத்துக்குள்ளை இவை ரண்டு பேரும் போகேலாது. கால் வைச்சா வோட்டுப் போட்டதாம். எனக்கிருக்கிறது ஒரு பெடியன்.”

குணலட்சுமி உள்ளே போய்ப் பரிசோதித்தாள். கருப்பை வாய் மூன்று விரல் திறந்திருந்தது. பிள்ளையின் இதயத்துடிப்பு நல்லது. குண்டி இறங்கியிருந்தது. மத்தியானத்துக்குப் பிறகு பிறக்கும். சாவகச்சேரிக்குப் போக வாகனம் இல்லை. வாகனம் கிடைத்தாலும் மதகுகளில் கண்ணிவெடி வைத்திருக்கிறார்கள் என்ற கதை. மாட்டு வண்டிலைக்கூட ஒருவரும் கட்டமாட்டார்கள். இராசமலர் நோ விட்ட நேரத்தில் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

“மிஸி, பாயிலை வேண்டாம்.”

 குணலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

“நல்லம்மாக்கா, பெட்டி அதுக்குள்ளை இல்லையெண்டா விடுவியளோ?”

“பெட்டி இல்லாட்டிப் பேந்தென்ன. அது பிள்ளை பெறுற இடம்தானே.”

“அப்ப வெந்நீரைக் குடிக்கக் குடுத்து நடக்க விடுங்கோ. முக்க விடாதேங்கோ. நான் போய்ப் பெட்டியை எடுப்பிச்சுப் போட்டு வாறன்.”

நல்லம்மா அவளை ஒரு மாதிரிப் பார்த்தாள். பத்துத் துவக்குகள் காவல் நிற்கிற பெட்டி அது.

நமசிவாயம் மண்டபத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் இடாப்பு, மைப்போத்தல், வாக்காளர் இருக்கப் போட்ட வெறுமையான வாங்கு. அவள் விசயத்தைச் சொன்னாள். குறுக்காகப் பிள்ளை வருகிறது என்று மழுப்பாமல், குண்டி, கட்டில், விளிம்பு, தலை எல்லாவற்றையும் வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னாள். இரண்டு இலிகிதர்களும் நிலத்தைப் பார்த்தார்கள். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு தனக்கு வருத்தம்தான், ஆனால் வாக்களிப்பு நடக்கும்போது வாக்காளரையும் அலுவலரையும் தவிர ஒருவரும் உள்ளே வரக்கூடாது என்றார். அந்தப் பெண்ணுக்கு வாக்காளர் அட்டை இருந்தால் வாக்காளராக வரலாம், வாக்களித்துவிட்டுப் போகலாம் என்றார்.

“நல்லது. உள்ளுக்கு வாறவள் வோட்டுப் போட வாறவள் எண்டு நீங்களும் சொல்லுறியள், நோட்டீஸ் ஒட்டினவையும் அதைத்தான் சொல்லுகினம். ரண்டு பகுதியும் ஒரே வாத்தியாரிட்டைப் படிச்சனீங்கள் போலை.”

அவர் இடாப்பை நேராக்கி வைத்தார். சட்டத்தைத் தான் எழுதவில்லை என்றார்.

 அடுத்த வசனத்தைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை. இருபத்தேழு வருடமாக இந்த ஊரின் வாயிலிருந்து பிடுங்கி எறிந்த சொல் அது. விறாந்தையில் இருந்த தண்ணீர்க் கானைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“அப்ப ஒரு காரியம் சொல்லுறன் மாஸ்டர். நான் அவளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் போறன். கட்டில் இல்லாட்டி இந்த மண்டபத்திலை, உங்கடை மேசையிலை வைச்செண்டாலும் எடுப்பன். நீங்கள் இருக்கிற கூரைக்குக் கீழை பிள்ளை பிறக்கும். துடக்கு. திருவெம்பாவையும் அதுவுமா.”

நமசிவாயம் கண்ணாடியைக் கழற்றினார்.

“மிஸி, நீங்கள் துடக்குப் பாக்கிற ஆளில்லையெண்டு நேற்றுக் கிராமசேவகர் சொன்னவர்.”

“நான் பாக்கிறேல்லை. நீங்கள் பாக்கிறனீங்கள்.”

இலிகிதர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக மாற்றினார். நமசிவாயம் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. எழுந்து விறாந்தைக்கு வந்து முற்றத்தைப் பார்த்தார்.

“எங்கை வைக்கலாம் எண்டு நினைக்கிறியள்?”

அவள் நிறை பார்க்கிற கொட்டிலைக் காட்டினாள். மூன்று பக்கமும் அரை உயரத்துக்குக் கிடுகு, மேலே கூரை. றோட்டில் போகிற எவருக்கும் தெரியும், யார் கொட்டிலுக்குப் போகிறார்கள், யார் கட்டடத்துக்குப் போகிறார்கள் என்று. அவளுக்கு வேண்டியது அதுதான்.

இடையில் சிப்பாய் ஒருவன் வந்தான். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், அந்தப் பத்துப் பேரில் தமிழ் தெரிந்த ஒரே ஆள்.

“அம்மா, வெட்டவெளியில பெட்டிய வச்சா நாங்க எப்படிக் காவல் பாக்குறது? ரோட்டுலேர்ந்தே சுட்டுருவாங்களே.”

அவன் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும். கொட்டிலில் உட்காரப் போவது அவளும் அல்ல. அவள் நமசிவாயத்தைப் பார்த்தாள்.

“உள்ளுக்கிருந்தாலும் சுடலாம் தம்பி. ஓட்டுக் கூரைதானே,” என்றார் அவர். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெட்டியின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார். சிப்பாய்களின் மேலதிகாரி வந்து இந்தியில் சத்தம் போட்டான். குணலட்சுமி இரண்டு கையாலும் தன் வயிற்றுக்கு முன்னால் பெரிய வட்டம் ஒன்று போட்டுக் காட்டினாள். அவன் கட்டடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மண் மூட்டைகளைக் கொட்டிலடிக்கு மாற்றச் சொன்னான் போலிருக்கிறது, மூட்டைகள் மாறின. இடம் மாற்றியதற்கான காரணத்தை நமசிவாயம் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார்: அறையில் வெளிச்சம் போதாது.

பத்தே முக்கால். காட்போட் மறைப்பும் பென்சிலும் போன கட்டிலை அவள் லைசோல் போட்டுத் துடைத்தாள். பிறகு கேற்றடியில் நின்று, எதிர் வளவுக்காரிக்குக் கேட்கும்படி, பெட்டி கொட்டிலுக்கு வந்துவிட்டது, கட்டடத்துக்குள் இனி ஒன்றும் இல்லை என்று உரத்துச் சொன்னாள். பத்து நிமிடத்தில் ஊருக்குத் தெரிந்துவிடும்.

இராசமலர் நடந்துதான் வந்தாள். நோ வரும்போது வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விட்டதும் நடந்தாள். ஒரு பக்கம் நல்லம்மா, ஒரு பக்கம் குணலட்சுமி. தியாகலிங்கத்தை ஒழுங்கை முடக்கில் நிற்கச் சொல்லியாயிற்று. கேற்றடியில் நல்லம்மா நின்றுவிட்டாள். கொட்டிலை எட்டிப் பார்த்தாள். பெட்டி அங்கேதான் இருந்தது, பச்சைச் சட்டைக்காரர் நடுவில், விபூதி பூசிய ஒரு மனிதருக்குப் பக்கத்தில். அதன் பிறகே உள்ளே காலை எடுத்து வைத்தாள்.

ஒரு மணிக்கு மேல் கட்டிலின் விளிம்புக்கு இராசமலரை இழுத்து வைத்தாள் குணலட்சுமி. உதவிக்கு வருகிற பெண் அன்றைக்கு வரவில்லை. நல்லம்மாவைக் கைகழுவச் சொன்னாள். நல்லம்மா பின்வாங்கினாள், தான் தொடமாட்டேன் என்றாள். தொடாமல் போன வருடம் என்ன நடந்தது என்று குணலட்சுமி கேட்டாள். நல்லம்மா முழங்கைவரை கழுவினாள்.

குண்டி வந்தது. குணலட்சுமி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இந்த இடத்தில் இழுக்கிறவள்தான் பிள்ளையைக் கொல்கிறவள் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். தொப்புள் தெரிந்ததும் ஒரு துவாயால் உடம்பைச் சுற்றினாள். ஒரு கை, மற்றக் கை. பிறகு பிள்ளையைத் தொங்க விட்டாள். சின்ன முதுகு விளிம்பில் தொங்கியது. நல்லம்மா கண்ணை மூடினாள்.

“கண்ணைத் திறவுங்கோ அக்கா. இவளின்ரை அடிவயித்திலை கையை வைச்சுக் கீழ் நோக்கி அமத்துங்கோ. இன்னும். பயப்பிடாதேங்கோ, அவளுக்கு நோகாது, நோகிறதெல்லாம் நொந்து முடிஞ்சுது.”

பிடரியில் மயிர் தெரிந்தது. குணலட்சுமி இரண்டு காலையும் பிடித்து மெல்ல மேலே தூக்கினாள். நாடி, வாய், மூக்கு, நெற்றி. ஒன்றே முக்காலுக்குப் பெண்பிள்ளை. நீலமாக, ஓசையில்லாமல் கிடந்தது. சளியை இழுத்து, முதுகைத் துவாயால் தேய்த்தாள். முதல் அழுகை கரகரத்த சின்னச் சத்தம். இரண்டாவதை முற்றத்தில் நின்ற சிப்பாய்களும் கேட்டார்கள். ஐந்தரை றாத்தல். நல்லம்மா சுவரோடு சாய்ந்து இருந்து, கழுவிய கையைத் தூக்கி வைத்தபடியே அழுதாள். அழுகிறதானால் பிள்ளையை வைத்துக்கொண்டு அழுங்கள் என்று குணலட்சுமி குழந்தையைக் கொடுத்துவிட்டு, தையலுக்கு ஊசியைத் தேடினாள்.

எல்லாம் முடிந்து கைகழுவ மூன்றரை ஆகிவிட்டது. விறாந்தையில் நின்று கொட்டிலைப் பார்த்தாள். பதினாறு பேர் போட்டிருக்கிறார்கள் என்று இலிகிதர் சொன்னார். திருநெல்வேலிக்காரன், அம்மாவும் ஒரு ஓட்டுப் போட்டுடுங்களேன் என்று சிரித்தான். சொன்னால் போடமாட்டேன் என்றாள்.

உண்மையில் போடுகிற எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. சனாதிபதிப் பதவி கேட்கிற மூன்று பேரில் எவரையும் அவளுக்குத் தெரியாது. எவருக்கும் வேம்படிக்கேணியைத் தெரியாது. கையுறைக்கும் ஸ்பிரிட்டுக்கும் ஆறு மாதமாக எழுதிப் போட்டும் ஒரு பெட்டி வந்து சேரவில்லை. ஆனால் சுவரில் கத்தியால் சுரண்டிய அடையாளம் கண்ணில் பட்டது. போடு என்று ஒருவன் சொல்கிறான், போடாதே என்று ஒருவன் எழுதி ஒட்டுகிறான். அவளுடைய கால் எங்கே போக வேண்டும் என்பதில் இத்தனை பேருக்கு அக்கறை.

இரத்தம் பட்ட முன்சட்டையைக் கழற்றாமலே, றோட்டுக்குத் தெரிய முற்றத்தைக் கடந்து கொட்டிலுக்குப் போனாள். பெயரைச் சொன்னாள். இடக்கைச் சின்னி விரலில் மை பூசினார்கள். மறைப்புக்குப் பின்னால் நின்று, பென்சிலை எடுத்து, மூன்று பெயருக்கும் குறுக்காகத் தெளிவான எழுத்தில் எழுதினாள்: கையுறை 200, ஸ்பிரிட் 6 போத்தல், பஞ்சு, நல்ல ரோச் லைற் ஒன்று. மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். இதை அவள் பல வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான்கு மணிக்குப் பெட்டியை மூடி முத்திரை வைத்தார்கள். நமசிவாயம் கிணற்றில் இரண்டு வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியோடு ட்ரக்கில் ஏறினார். போகும்போது பிள்ளை என்ன நிறை என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு சைக்கிளில் இரண்டு பெடியள் வந்தார்கள். ஒருவன் வெளியே நின்றான். மற்றவன் உள்ளே வந்தான். வேற்றூர்ப் பெடியன், மேல் சட்டை இடுப்புக்கு வெளியே விட்டிருந்தது, அதன் அடியில் ஏதோ புடைத்திருந்தது. செருப்பைக் கழற்றச் சொன்னாள். கழற்றினான்.

நேற்று உள்ளே வந்தவர்கள் யார் என்று கேட்டான். கட்டிலில் கிடந்த இராசமலர் குழந்தையைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். அவளுடைய புருசனை விசாரிக்க வேண்டும் என்றும் அவன் சொன்னான்.

“தம்பி, நீங்கள் ஒட்டின நோட்டீசை நான் வாசிச்சனான். வாக்கெடுப்பு நிலையத்துக்குள்ளை கால் வைச்சவை எண்டுதானே எழுதினீங்கள். பெட்டி கொட்டிலுக்குள்ளை இருந்தது. றோட்டாலை போன எல்லாரும் கண்டது. இவள் அந்தப் பக்கம் போகேல்லை. இவளின்ரை புருசன் கேற்றுக்குள்ளையே வரேல்லை. கொட்டிலுக்குப் போன ஆள் நான்.”

அவள் இடக்கையை நீட்டினாள். சின்னி விரல் நகத்தைச் சுற்றி மை கறுத்துக் கிடந்தது.

“கையைப் பிடிச்சு இழுத்து மை பூசினவையோ?”

“இல்லை. நானாத்தான் போனனான்.”

“என்ன நடக்குமெண்டு தெரியாதோ உங்களுக்கு?”

“தண்டனை எண்டு எழுதியிருந்தது. என்ன தண்டனையெண்டு எழுதேல்லை. நீர் சொல்லும், கேப்பம்.”

 விரலைப் பார்த்தான், பிறகு கட்டிலைப் பார்த்தான். பெரியாக்களிடம் சொல்லிவிட்டு வந்து கதைக்கிறேன் என்றான்.

“வாரும். புதன்கிழமை வாரும். நாப்பது தாய்மார் நிறை பாக்கப் பிள்ளையளைக் கொண்டு வருவினம். அவையளுக்கு முன்னாலை வைச்சுக் கதைப்பம்.”

அன்றைக்கே ஊர் முழுவதும் அவளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கியது. வல்வெட்டித்துறைக்குப் போய்ச் சில நாள் நில்லுங்கள் என்றார்கள். இராசமலரை இருட்டினபின், கம்பியை வெட்டி, வேலிப் பொட்டால் கொண்டுபோய்விடலாம் என்று தியாகலிங்கம் கெஞ்சினான். தையல் போட்டவள் மூன்று நாளைக்குக் குனியக்கூடாது என்று குணலட்சுமி சொல்லிவிட்டாள். புதன்கிழமை முப்பத்தெட்டுத் தாய்மார் வந்தார்கள். பெடியள் வரவில்லை. வராதது நல்லதற்கா கெட்டதற்கா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. அவள் நிறை பார்த்தாள்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு, கொடிகாமச் சந்தைக்குப் போன சனம் கடகங்களோடு திரும்பி வருகிற நேரம் பார்த்து, இராசமலரை எழுப்பி நடக்க விட்டாள். இந்த விடுதியில் பிள்ளை பெற்ற ஒருத்தி முன் கேற்றால் வெளியே போவது அன்றைக்குத்தான் முதல் தடவை. முன்னால் குணலட்சுமி, பின்னால் இராசமலர், அவளுக்குப் பின்னால் குழந்தையோடு நல்லம்மா. தியாகலிங்கம், சொல்லாமலே, கேற்றுக்குள் வந்து பையைத் தூக்கிக்கொண்டான்.

ஒழுங்கை முடக்கில் அந்தச் சைக்கிள் நின்றது. அதே இரண்டு பேர். ஒழுங்கை ஒடுக்கம்; சைக்கிள் குறுக்காக நின்றால் போக வழியில்லை. நல்லம்மாவின் நடை தடுமாறியது. சந்தைச் சனம் பின்னால் நின்றுவிட்டது.

குணலட்சுமி நிற்கவில்லை. நடந்தபடியே கையை வீசி ஒதுங்கச் சொன்னாள். மை பூசிய கையா மற்றக் கையா என்று அவள் பார்க்கவுமில்லை. மூன்று முழம் இருக்கும்போது செருப்புக் கழற்றிய பெடியன் சைக்கிளை வேலியோடு சேர்த்து இழுத்தான். கதியாலில் ஹாண்டில் உரசிய சத்தம் கேட்டது.

அவர்களைக் கடந்த பிறகு நல்லம்மா திரும்பிப் பார்த்தாள்.

“அங்கை என்ன பார்வை,” என்றாள் குணலட்சுமி. “வெய்யில் முகத்திலை படுது. பிள்ளையின்ரை தலையை மூடுங்கோ.”